கோடுகளோடு வாழ்ந்த நஸ்ரீன்



சித்திரம் என்று பேச்செடுத்தாலே, “உருவம் கீறலாமா மௌலவி?” என்ற கேள்விதான் நம் வீடுகளில் முதலில் எழும். பத்தாம் தரத்தில் சித்திரப் பாடம் எடுக்க மகள் ஆசைப்பட்டால், அந்தக் கேள்வியோடு அவளுடைய ஆசையும் அடங்கிப் போகும். ஹட்டன் பக்கத்தில் ஓதிக்கொடுக்கும் எனக்கு இப்படிப் பென்சிலை மூடி வைத்த பிள்ளைகள் பலரைத் தெரியும். அவர்களுடைய உம்மாமாருக்காக ஒரு முஸ்லிம் பெண்ணின் கதையைச் சொல்கிறேன்.

நஸ்ரீன் முஹம்மதி 1937இல் கராச்சியில் பிறந்தார். சிறு பிள்ளையாக இருந்தபோதே தாயை இழந்தார். குடும்பம் பம்பாய்க்கு வந்தது. 1954இல் லண்டன் சென்று ஓவியம் கற்றார். பின்னர் பாரிஸிலும் பயின்றார். 1972 முதல் மரணிக்கும் வரை பரோடா பல்கலைக்கழகத்தில் ஆசிரியையாக இருந்தார்.

அக்கால இந்திய ஓவியர்கள் பலர் மனித உருவங்களையும் பளிச்சென்ற வர்ணங்களையும் நாடியபோது, இவர் ஒவ்வொன்றாகக் கைவிட்டார். உருவம் போயிற்று, வர்ணம் போயிற்று. 1970களில் பென்சிலும் மையும் கோடும்தான் மிஞ்சின. கட்டடப் படம் கீறுவோர் பயன்படுத்தும் கருவிகளைக் கொண்டு, சிறிய காகிதங்களில் கோடு கோடாக இழுத்தார். படங்களுக்குப் பெயரும் வைக்கவில்லை.

வெறும் கோட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையைத் தூரத்திலிருந்து பாருங்கள். நிரைகள் ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் விலகும். மலையின் ஏற்ற இறக்கம் அந்த நிரைகளிலேயே தெரியும். நஸ்ரீனின் கோடுகளும் அப்படித்தான். சில மெல்லியவை, சில அழுத்தமானவை. இடைவெளி மாற மாற, அசையாத காகிதத்தில் அசைவு தோன்றும். பதேபூர் சிக்ரியின் கல் முற்றங்களையும் நெசவுத்தறி நூல்களையும் அவர் புகைப்படமெடுத்து வைத்திருந்தார். அவர் பார்வை எங்கே நின்றது என்பதற்கு அவையே சாட்சி.

சோதனை உடம்பில் வந்தது. நரம்பு நோயொன்று அவருடைய கை கால்களின் கட்டுப்பாட்டை மெல்ல மெல்லப் பறித்தது. நேர்கோடு இழுக்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு ஏது? ஆயினும் அவர் விடவில்லை. உடல் தளர்ந்த 1980களிலும் அவர் கோடுகள் துல்லியமாகவே இருந்தன. 1990இல், 53 வயதில், பம்பாய்க்கு அருகிலுள்ள கிஹிமில் காலமானார்.

இதைப் படித்தபோது எனக்கு பக்தாதின் இப்னு முக்லா நினைவுக்கு வந்தார். அரபு எழுத்துகளுக்குப் புள்ளியால் அளவு வகுத்தவர் அவர். வலக்கை வெட்டப்பட்ட பின்னும், கையில் பேனாவைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள்.

வாழும்போது நஸ்ரீனை அறிந்தோர் சிலரே. 2016இல் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் கலைக்கூடம் நவீன கலைக்காக ‘மெட் புரோயர்’ கட்டடத்தைத் திறந்தபோது, முதல் கண்காட்சிகளில் ஒன்று இவருடையது.

உயிருள்ளவற்றின் உருவம் பற்றி உலமாக்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். அதை நான் இலேசாக்கவில்லை. ஆனால் மலை, மரம், கோடு, கணித வடிவம், எழுத்தணி என்று திறந்து கிடக்கும் வாசல்கள் எத்தனை! நம் பள்ளிவாசல் சுவர்களை அலங்கரித்தவை இவைதானே?

ஆகவே தாய்மாரே, மகள் சித்திரம் கேட்டால் உடனே மறுத்துவிடாதீர்கள். என்ன கீற விரும்புகிறாள் என்று முதலில் கேளுங்கள். ஓர் அடிமட்டமும் நல்ல பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். பொறுமையோடு ஒரு கோட்டை நேராக இழுக்கப் பழகுவதும் ஒரு கல்விதான்.