சுவரில் நான்காவது ஆணி

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் நம் கத்தோலிக்க இல்லங்களில் அலுவல்கள் பெருகிவிடுகின்றன. குடிலுக்கு வைக்கோலும் மூங்கிலும் தேட வேண்டும். நட்சத்திரம் கட்ட வேண்டும். அதிரசத்துக்கு மாவு இடிக்க வேண்டும். பிள்ளைகளின் புத்தாடைக்காகத் தையற்காரரிடம் பலமுறை நடக்க வேண்டும். இவற்றுக்கிடையே எங்கள் இல்லத்தில் இன்னுமோர் அலுவல் 1975 ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. பிள்ளைகளுக்கான கிறிஸ்துமஸ் காலுறைகளை நிரப்புவதே அது. சிறு வேலைதானே என்று தோன்றும். ஆனால் எந்த வயதுப் பிள்ளைக்கு எதை இடுவது என்று தேர்ந்தெடுக்கையில் நாங்கள் கற்ற பாடம் சிறியதன்று. அதைப் பெற்றோராகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இவ்வழக்கம் எங்கள் முன்னோர் தந்ததன்று. திருச்சிராப்பள்ளிப் பொன்மலையில் இரயில்வே குடியிருப்பில் நாங்கள் இல்லறம் தொடங்கியபோது, அடுத்த வீட்டில் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தைச் சேர்ந்த முதிய அம்மையார் ஒருவர் வாழ்ந்து வந்தார். அவருடைய கணவர் இரயில் எஞ்சின் ஓட்டுநராயிருந்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்துமஸ் காலத்தில் அவர்கள் வீட்டுச் சுவரில், பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நீண்ட காலுறைகள் வரிசையாகத் தொங்கும். எங்கள் மூத்த மகள் அப்போது ஐந்து வயதுச் சிறுமி. அவள் அந்தச் சுவரருகே நின்று ஏக்கத்தோடு பார்த்ததைக் கண்ட அம்மையார், மறுநாளே ஒரு சிவப்புக் காலுறையைத் தைத்து எங்களிடம் கொடுத்தார். எங்கள் வீட்டுச் சுவரில் முதல் ஆணி அடிக்கப்பட்டது அன்றுதான்.

இவ்வழக்கத்தின் வேர் நம் திருச்சபையின் ஆயர் ஒருவரிடம் இருப்பதைப் பலர் அறியார். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மீரா நகரின் ஆயராக விளங்கியவர் புனித நிக்கோலாஸ். வறுமையால் தம் மூன்று மகளிருக்கு மணம் முடிக்க இயலாமல் தவித்த தந்தை ஒருவரின் இல்லத்தில், இரவில் எவரும் அறியாவண்ணம் சாளரத்தின் வழியே பொன்முடிப்புகளை அவர் எறிந்தார் என்பது மரபு வழிக் கதை. ஈரம் உலரத் தொங்கவிட்டிருந்த காலுறையில் அம்முடிப்பு விழுந்தது என்று பிற்காலத்தார் அதனை விரித்துரைத்தனர். அவருடைய திருப்பண்டங்கள் 1087 ஆம் ஆண்டில் இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவருடைய திருநாள் டிசம்பர் 6. அதற்கு முந்திய மாலையில் ஒல்லாந்து நாட்டுப் பிள்ளைகள் தங்கள் காலணிகளை வைத்துப் பரிசுக்குக் காத்திருப்பர். காலுறையின் நுனியில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை இடுவதும் அந்தப் பொன்முடிப்பின் நினைவாகவே என்று சொல்வதுண்டு.

அடுத்த வீட்டு அம்மையாரும் நுனியில் ஆரஞ்சுப் பழம் தவறாமல் இடுவார். அதன்மேல் உண்ண ஒன்று, விளையாட ஒன்று, படிக்கவோ எழுதவோ ஒன்று, பயன்படுத்த ஒன்று. ஆக ஐந்து பொருள்களுக்கு மேல் கிடையாது. "இன்னும் பெரிய காலுறையாகத் தைத்தால் என்ன?" என்று நாங்கள் ஒருமுறை கேட்டோம். "சிறியதாக இருப்பதுதான் அதன் சிறப்பு. பெரிய பரிசு வாங்கப் பணம் இருந்தால் போதும். சிறிய பரிசு வாங்கப் பிள்ளையைத் தெரிந்திருக்க வேண்டும்" என்றார் அவர். அவ்வுரையின் பொருள் எங்களுக்கு முழுமையாக விளங்க எட்டு ஆண்டுகள் ஆயின.

1983 ஆம் ஆண்டில் எங்களுக்குப் பிள்ளைகள் நால்வர். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது, அடுத்த மகனுக்கு ஒன்பது, இளையவளுக்கு ஐந்து, கடைக்குட்டிக்குப் பதினோரு மாதம். ஒரு காலுறைக்கு ஐந்து ரூபாய்க்கு மிகாமல் செலவிடுவது என்று திட்டம் செய்துகொண்டு, மலைக்கோட்டை அடிவாரத்துச் சின்னக்கடை வீதியில் மாலை முழுதும் அலைந்தோம். மகனுக்குப் பம்பரமும் பன்னிரண்டு கண்ணாடிக் கோலிக்குண்டுகளும். இளையவளுக்கு வண்ணம் தீட்டிய மரச்செப்புகள். கைக்குழந்தைக்கு இறுகப் பின்னிய பனையோலைக் கிலுகிலுப்பை.

மூத்தவளுக்கு? அவ்வாண்டு அவளுக்கு ஒன்றும் வாங்கவில்லை. "நீ வளர்ந்துவிட்டாய் அம்மா. இனி எங்களோடு சேர்ந்து தம்பி தங்கைக்கு நீ நிரப்ப வேண்டியவள்" என்று சொன்னோம். அதை அவளுக்குச் செய்த பெருமை என்றே எண்ணினோம். அவளும் தலையசைத்தாள். பழைய காலுறைகள் நைந்துபோயிருந்தமையால் புதிதாக மூன்றைத் தைத்ததும் அவளே. சுவரில் அதுவரை தன் காலுறை தொங்கிய ஆணியில் கைக்குழந்தையின் காலுறையைத் தன் கையாலேயே மாட்டினாள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து, சிறியவர்கள் உறங்கியபின் எங்களோடு அமர்ந்து நிரப்பினாள். அவளுடைய முகத்தை நாங்கள் உற்று நோக்கவில்லை.

பெருவிழாக் காலையில் பிள்ளைகள் காலுறைகளைப் பாயில் கவிழ்த்தனர். ஒரே ஆரவாரம். நாங்கள் அடுக்களையில் அண்டை வீடுகளுக்கு அனுப்பவேண்டிய பலகாரங்களைத் தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்தோம். திடீரென்று "அம்மா!" என்று மூத்தவள் அலறினாள். ஓடி வந்தோம். தவழ்ந்து சென்ற கைக்குழந்தை, பாயினின்று உருண்ட கோலிக்குண்டு ஒன்றை வாயிலிட்டு விழுங்க முயன்றிருக்கிறான். அது தொண்டையில் தங்கிவிட்டது. குழந்தைக்கு அழக் குரல் இல்லை, உதடுகள் நீலமாகிக்கொண்டிருந்தன. நாங்கள் செய்வதறியாது நின்றோம். அவளோ குழந்தையைத் தன் முன்கைமேல் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்களுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தாள். நான்காம் தட்டில் கோலிக்குண்டு வெளியே விழுந்து தரையில் ஓசையுடன் உருண்டது. குழந்தை வீரிட்டு அழுதான். அவ்வழுகை எங்கள் செவிக்கு வானதூதரின் கீதமாயிருந்தது.

பள்ளியில் சாரணியர் வகுப்பில் முதலுதவி பயின்றதாக அவள் சொன்னாள். "அத்தனை இரைச்சலில் நீ எப்படியம்மா கண்டாய்?" என்று கேட்டோம். அவள் தந்த மறுமொழி இன்றும் எங்கள் நெஞ்சில் நிற்கிறது. "எனக்குப் பிரித்துப் பார்க்க ஒன்றும் இல்லையே அம்மா. அதனால் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்." அவள் குரலில் குறையில்லை, குற்றச்சாட்டும் இல்லை. உள்ளதைச் சொன்னாள். அதுவே எங்களைக் கூனிக் குறுகச் செய்தது.

அன்று இரு தவறுகளை நாங்கள் உணர்ந்தோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஏற்ற பொருளைத் தேர்ந்தோம். அதே பாயில் பதினோரு மாதக் குழந்தையும் இருக்கும் என்பதை எண்ணவில்லை. மூத்தவளின் வயதை எண்ணினோம். அவள் இன்னும் நம் பிள்ளைதான் என்பதை எண்ணவில்லை. வீட்டில் மூத்த பெண் என்றால் தாய்க்குத் துணை, தம்பிக்குக் காவல் என்று பொறுப்புகளைச் சுமத்திவிடுகிறோம். அவள் ஏற்றுக்கொள்கிறாள் என்பதாலேயே அவளுக்கு எதுவும் வேண்டியதில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

காலம் கடந்துவிட்டதே என்று வருந்தியபோது, எங்கள் பங்குத்தந்தை வழி காட்டினார். இத்தாலி நாட்டில் பிள்ளைகளின் காலுறைகள் நிரப்பப்படுவது மூன்று இராசாக்கள் திருநாளுக்கு முந்திய இரவில்தான் என்றும், பெஃபானா என்னும் மூதாட்டி அவற்றை நிரப்புவதாகச் சிறுவர்க்குச் சொல்வர் என்றும் அவர் கூறினார். ஞானிகளே தங்கள் காணிக்கையோடு பிந்தித்தானே வந்தனர் என்று புன்னகைத்தார். சனவரி 5 ஆம் நாள் இரவில் சுவரில் நான்காவது ஆணியை அடித்தோம். அதில் தொங்கிய காலுறையில், நுனியில் ஆரஞ்சுப் பழம்; பிறகு கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம், மையூற்றிப் பேனா, கோடிடாத குறிப்பேடு, பூத்தையலுக்கான வண்ண நூல்கண்டுகள். அவள் அந்தக் காலுறையை நெடுநேரம் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதன்பின் அவளுக்குத் திருமணம் ஆகும்வரை எங்கள் இல்லத்தில் நான்கு காலுறைகளுக்குக் குறைந்ததில்லை.

அன்புக்குரிய பெற்றோரே, அந்த அனுபவத்திலிருந்து நாங்கள் கைக்கொண்டு வரும் முறையைச் சொல்கிறோம்.

மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு வாயே முதற் கண். எதையும் சுவைத்துத்தான் அறியும். எனவே துணிப்பந்து, பெரிய மரவளையம், தடித்த அட்டைப் படப்புத்தகம் ஆகியவை போதும். விளையாட்டுப் பொருள்களைச் சோதிப்பதற்கென்று வைத்துள்ள உருளையின் குறுக்களவு ஏறத்தாழ 3.2 செ.மீ. அதனுள் முழுதும் அடங்கும் பொருள் எதுவும் இவ்வயதுக்கு ஆகாது. கோலிக்குண்டு, பாசிமணி, பொத்தான், காற்றில்லாத பலூன், அறுந்த செபமாலை மணி ஆகிய யாவும் இதில் அடங்கும். வேர்க்கடலையையும் முந்திரியையும் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு முழுதாகத் தரலாகாது. இக்காலத்தில் ஒளிவீசியும் பாடியும் மகிழ்விக்கும் பொம்மைகளில் பொத்தான் அளவே உள்ள மின்கலம் இருக்கிறது. அது உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே அரித்துப் புண்ணாக்கிவிடும். அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். விழுங்கிவிட்டதாக ஐயம் எழுந்தாலே மருத்துவமனைக்கு விரையுங்கள். நம் நாட்டில் 2021 சனவரி முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது, அதையும் பார்த்து வாங்குங்கள்.

ஒரு வயது நிரம்பாத குழந்தையின் தொண்டை அடைபட்டு, அழவோ இருமவோ இயலாமற்போனால், எங்கள் மகள் செய்தவாறு குப்புறக் கிடத்தி ஐந்து முறை தட்ட வேண்டும். வெளிவராவிடில் மல்லாத்தி, தலை தாழ்ந்திருக்க, மார்பின் நடுவே இரு விரல்களால் ஐந்து முறை அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடலாகாது. அது இன்னும் உள்ளே செல்லும். மற்றொருவர் உடனே 108 எண்ணை அழைக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரேனும் இதனை முறையாகப் பயின்றிருத்தல் நலம்.

மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் பெரியோர் செய்வதைத் தாமும் செய்ய விழைவர். மரச்செப்பு, வண்ண மெழுகுக்கோல், சிறு துடைப்பம் ஆகியவை அவர்களுக்குப் பேரின்பம் தரும். ஏழு முதல் பத்து வயதினர் ஆராய்ச்சியாளர்; பம்பரம், பூதக்கண்ணாடி, தாண்டு கயிறு, விடுகதைப் புத்தகம் தரலாம். முதல் நற்கருணை வாங்கிய பிள்ளைக்கு அழகியதொரு செபமாலையும் இடலாம்.

பதினொன்று முதல் பதினான்கு வயதினர்க்குத் தேர்வதே கடினம். பொம்மை தந்தால் நாணுவர். ஒன்றும் தராவிடில் வெளியே சொல்லாமல் வருந்துவர். அவர்களுக்கு உண்மையான கருவிகளைத் தாருங்கள். நன்றாக எழுதும் பேனா, கூரிய நல்ல கத்தரி, அளவு நாடா, தாம் மட்டுமே திறந்து பார்க்கும் குறிப்பேடு ஆகியவை 'உன்னை நம்புகிறோம்' என்று அவர்களிடம் சொல்லும். அக்குறிப்பேட்டில் அவர்கள் எழுதியதைக் கேட்டுப் படிக்காதிருப்பதும் பரிசின் ஒரு பகுதியே.

பிள்ளைகளிடையே பொறாமை எழாதிருக்க ஒரே விலையில் வாங்க வேண்டுமென்பதில்லை. எண்ணிக்கை ஒன்றாயிருந்தால் போதும். எங்கள் வீட்டில் எவருக்கும் ஐந்து. கோலிக்குண்டு போன்றவற்றை மூத்த பிள்ளையின் கையில் தனியே கொடுத்து, மேசைமேல் வைத்து விளையாடச் சொல்லுங்கள். தரையிலிருக்கும் பாயில் ஒருபோதும் கொட்டவிடாதீர்கள்.

அன்று நீலமான உதடுகளோடு துடித்த கடைக்குட்டி இன்று நாற்பது வயதைக் கடந்த குடும்பத் தலைவன். அவனுடைய பிள்ளைகளுக்கு இன்றும் காலுறை தைத்து அனுப்புபவள் அவனுடைய அக்காள்தான். தன் பிள்ளைகளுக்கும் தம்பி தங்கையின் பிள்ளைகளுக்கும் அவள் தைக்கும்போது, எந்த வயது வரை என்று நாங்கள் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

இவ்வாண்டு பெருவிழாவுக்கு முன், உங்கள் வீட்டுச் சுவரில் ஆணிகளை அடித்து முடித்தபின் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிறகு பிள்ளைகளையும் எண்ணிப் பாருங்கள். இரு எண்களும் ஒன்றாயிருக்கட்டும்.