கோம்பைக் குட்டியின் வழக்கு

உத்தமபாளையத்திலிருந்து மலையை நோக்கிச் சென்றால் கோம்பையை அடையலாம். ஊருக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை மதில்போல் நிற்கிறது. உச்சியில் இராமக்கல்மேடு; அதற்கப்பால் கேரள ராஜ்யம்.

இவ்வூரின் பெயரை வெளியூர்களில் பரப்பிய பெருமை ஒரு நாய் ஜாதியைச் சேரும். செம்பழுப்பு மேனி, கறுத்த முகவாய், மேல்நோக்கி வளைந்த வால் ஆகியவை அதன் லட்சணங்கள். 2005-ல் தபால் இலாகா நம் நாட்டு நாய்களுக்கென நான்கு தபால் தலைகள் வெளியிட்டபோது இராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, கோம்பைக்குக் கிடைக்கவில்லை. அக்குறை 2020 ஆகஸ்டில் ஓரளவு தீர்ந்தது. சுதேசி நாய்களை வளர்க்கும்படி பிரதம மந்திரி வானொலியில் பேசியபோது கோம்பையையும் குறிப்பிட்டார்.

நாம் சென்ற வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாதி, எழுபத்தைந்து வயதுப் பெரியவர். பிரதிவாதி, அவருடைய பேரன். ஐந்து குட்டிகளில் ஒன்றுக்கு முகவாய் கறுக்கவில்லை. அதை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்றான் பேரன்.

"இதன் தாய் இராமுழுவதும் தோட்டத்தில் கிடந்து பன்றியைத் தடுக்கிறது. மூக்கு கறுப்பா வெளுப்பா என்று பன்றி பார்க்குமா? நிறத்தைப் பார்த்துச் சேர்த்தால் நிறந்தான் மிஞ்சும், குணம் மிஞ்சாது" என்றார் பெரியவர்.

"நீங்கள் சொல்வது வேட்டைக் காலத்து நியாயம், தாத்தா. 1972-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை ஏது? குட்டி கேட்டு வருகிறவர்கள் முகவாயைத்தான் பார்க்கிறார்கள். கேட்பாரே இல்லையென்றால் இந்த ஜாதியை யார் வளர்ப்பார்கள்?"

கிழவர் பழமையில் ஊறியவர், பிள்ளையாண்டான் பணத்தாசை பிடித்தவன் என்று தீர்ப்புக் கூறுவது எளிது. சிறிது நேரம் கேட்டபின் நமக்கு அவ்விதம் தோன்றவில்லை. இருவரையும் வாட்டியது ஒரே பயம்: இந்த நாய் அற்றுப்போகக் கூடாது. வேலை போனால் நாய் போய்விடும் என்பது மூத்தவருடைய அநுபவம். வேலை போய்விட்டது, இனி மதிப்பாவது வேண்டும் என்பது இளையவனுடைய கணக்கு. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

பேரனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. குட்டி பிறந்த தேதி, தாய், தகப்பன், நிறம் எல்லாம் அதில் ஒழுங்காக எழுதியிருந்தான். ஆனால் தாய்க்குத் தாய் எது என்ற இடம் காலியாக இருந்தது. நாம் அதைப் பெரியவரிடம் கேட்டோம். அவ்வளவுதான்! நான்கு தலைமுறையை அவர் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். எது பன்றியை மறித்து நின்றது, எது பயந்து ஓடியது என்பது உட்பட.

"மெதுவாகச் சொல்லுங்கள், தாத்தா" என்று பேரன் பென்சிலைத் தேடினான். பிறகு நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, 'குணம்' என்று தலைப்பிட்டான்.

நாம் விடைபெற்றபோதும் வழக்கு முடிந்தபாடில்லை. அந்த ஐந்தாவது குட்டி மட்டும் பெரியவரின் கட்டிலுக்கடியில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது.