ஆடிப்பெருக்கும் கறுப்புத் திரையும்

ஆடிப்பெருக்குக்குக் கொடுமுடி வந்த அக்கா மகன் காவிரிப் பக்கமே போகலைங்க. "மாமா, உங்க கம்ப்யூட்டர்ல கேம் பாதியில மூடிக்குது"ன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தான். ரெண்டு தடவை அழிச்சு மறுபடி இன்ஸ்டால் பண்ணிட்டானாம். முந்தாநாள் அப்டேட் ஓடறப்ப கரண்ட் போனது அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. விண்டோஸோட சொந்த ஃபைலே கெட்டிருந்தா கேமை மாத்தி என்ன பிரயோசனம்?

கமாண்ட் ப்ராம்ப்ட்ங்கற கறுப்புத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டரா தொறந்து, மொதல்ல டிஐஎஸ்எம் ரெஸ்டோர்ஹெல்த் கமாண்டை ஓட்டினேன். அப்புறம் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். வரிசை முக்கியமுங்க. டிஐஎஸ்எம் நெட்டுல இருந்து நல்ல நகலை எடுத்து, விண்டோஸ் வெச்சிருக்கற ஃபைல் இருப்பைச் சரி பண்ணும். அந்த இருப்புல இருந்துதான் எஸ்எஃப்சி கெட்டதை மாத்தும். டிஐஎஸ்எம் நடுவுல 62.3 சதவீதத்துல செத்த நேரம் நிக்கலாம், பயந்து மூடிடாதீங்க.

ரீஸ்டார்ட் பண்ணினேன், கேம் ஓடுச்சு. பயல் முளைப்பாரி விடறதைப் பார்க்கக்கூட ஆத்துக்கு வரலை.