கண்ணும் காதும் தொண்டையும்

பிரிவுத் துயரை ஒரு வீட்டின் துன்பம் என்றும் குடியை ஒருவரின் குறை என்றும் பிரித்துப் பார்ப்பதே பொது வழக்காக இருக்க, வட அமெரிக்காவின் ஹௌடெனோசௌனி மக்களுடைய சடங்குகள் இரண்டையும் அறிவு மூடிப்போகும் ஒரே நிலையாகக் கருதுகின்றன. ஐரோப்பியர் இரோகுவா என்று அழைத்த இந்தக் கூட்டமைப்பில், இன்றைய நியூயார்க் மாநிலப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெக்கா என்னும் ஐந்து இனங்களும், 18ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து வந்து சேர்ந்த டஸ்கரோரா இனமும் அடங்கும்.

கூட்டமைப்பின் தோற்றக்கதையில் ஹையவாதா என்பவர், பெற்ற பெண்களைச் சாவுக்குக் கொடுத்துவிட்டுக் காட்டில் அலைந்து, ஓட்டு மணிகளைச் சரமாகக் கோத்துத் தொங்கவிட்டு, தம்மைப் போல் துயருற்ற ஒருவரைக் கண்டால் இவற்றைக் கையிலேந்தி ஆறுதல் சொல்வேன் என்று தனிமையில் பேசிக்கொண்டிருக்கிறார். சமாதானத்தை நிறுவ வந்த தூதர் அச்சரங்களையே எடுத்து, அவர் பிறருக்கெனச் சேர்த்து வைத்த சொற்களை அவருக்கே சொன்ன பிறகுதான் அவர் மனம் தெளிகிறது. ஆறுதலின் சொற்கள் அனைத்தையும் அறிந்தவராலும் அவற்றைத் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள இயலவில்லை என்பதே இக்கதையின் உயிர்நாடி.

கூட்டமைப்பின் 50 தலைவர் பட்டங்களுள் ஒன்றைத் தாங்கியவர் இறக்கும்போது நடக்கும் ஆறுதற் சடங்கு இந்த அடிப்படையில்தான் அமைந்துள்ளது. இனங்கள் இரு பாதிகளாகப் பிரிய, இழப்புக்கு ஆளான பாதி காட்டின் விளிம்பில் தீ மூட்டிக் காத்திருக்கிறது. தெளிந்த மனத்தினர் எனப்படும் மறுபாதி முன்னோர் பெயர்களைப் பாடியபடி வந்து சேர்கிறது. பின்னர் வாம்பம் எனப்படும் வெள்ளை, ஊதா நிறக் கடற்சிப்பி மணிச்சரங்கள் ஒவ்வொன்றாகக் கைமாற, ஒவ்வொரு சரத்துடனும் ஒரு செயல் சொல்லப்படுகிறது: கண்ணீரைத் துடைத்தல், அடைத்த காதைத் திறத்தல், தொண்டைச் சிக்கலை நீக்குதல், அதன்பின் இருளை அகற்றிச் சூரியனை மீண்டும் வானில் நிறுத்துதல். காணவும் கேட்கவும் பேசவும் இயலாதவருக்கு எந்த அறிவுரையும் பயன்படாது என்பதால் முதல் மூன்றும் வரிசையில் முன்னிற்பது வியப்பன்று. இன்று ஆறுதல் சொல்லும் பாதி நாளை ஆறுதல் பெறவேண்டிய பாதி என்பதால், இதில் இரக்கத்தைவிடக் கடமையே மேலோங்கி நிற்கிறது.

செனெக்காத் தலைவர் ஹாண்ட்சம் லேக் தாங்கிய கனியோதையோ என்னும் பெயரும் அந்த 50 பட்டங்களுள் ஒன்று. அவர் வாழ்நாளில், 1779இல் அமெரிக்க ஜெனரல் சல்லிவனின் படை இம்மக்களின் சுமார் 40 ஊர்களையும் அவற்றின் சோளக் காடுகளையும் எரித்தது. 1797ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் செனெக்காக்களிடம் எஞ்சிய நிலத்தின் பெரும்பகுதியும் கைவிட்டுப் போயிற்று. தோல் விற்கப் பிட்ஸ்பர்க் சென்ற ஆடவர் பீப்பாய்களில் விஸ்கியுடன் திரும்ப, அலிகேனி ஆற்றங்கரை ஊர்களில் வன்முறை பெருகியது. நெடுநாள் படுக்கையில் கிடந்த ஹாண்ட்சம் லேக், இறந்தோருக்குரிய ஓகிவே பாடல்களைக் குடிவெறியில் பாடியதே தம் நோய்க்குக் காரணமோ என்று வருந்தியதாக அவருடைய போதனை நூல் கூறுகிறது. துக்கத்துக்குரிய பாட்டே போதையின் பாட்டாகிவிட்ட அந்த நிலையைவிடத் தெளிவான நோய்க்குறிப்பை எந்த மருத்துவரும் எழுதியிருக்க முடியாது.

1799 ஜூனில் அவர் கண்ட காட்சியில் தோன்றிய தூதர்கள் தீமைகளுள் முதலாவதாகச் சொன்னது மது. அதிலிருந்து பிறந்த கைவியோ என்னும் நற்செய்தி, தவறு செய்தவர் அதைப் பிறர் முன்னிலையில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆண்டுக்கணக்கில் துக்கம் காப்பது இறந்தவரின் சுமையைக் கூட்டும், பத்து நாள் போதும் என்பதும் அவருடைய போதனையே. சூனியம் செய்தோரைத் தேடும் வேட்டையிலும் அவர் முனைந்தார் என்பதை மறைத்து அவரைப் புனிதராக்குவது வரலாற்றுக்கு ஒவ்வாது. அந்த வேட்டையால் அவர் சொந்த மக்களிடமே பகை தேடிக்கொண்டார்.

1815இல் ஒனொண்டாகாவில் அவர் மறைந்த பின்னும் அப்போதனை, நெடுவீடு எனப்படும் வழிபாட்டு மன்றங்களில் நான்கு நாள்கள், முற்பகல் வேளைகளில், மனப்பாடமாக ஓதப்பட்டு வருகிறது. ஊர் மக்கள் வெள்ளை வாம்பச் சரத்தைக் கையில் பற்றித் தம் குற்றங்களைச் சொல்வதும் அக்கூட்டத்தின் ஒரு பகுதி. இச்சடங்குகளின் சாயலில், கட்டணம் பெற்று அந்நியர்களுக்கு நடத்தப்படும் ஆன்மிக முகாம்களில் மணிச்சரத்தையும் பாட்டையும் இரவல் பெறலாம். ஆனால் நாளை தன் வீட்டுச் சாவுக்கு இதே சரம் தன்னிடம் திரும்பி வரும் என்று அறிந்த மறுபாதியை அங்கே அமர்த்த வழியில்லை.