அந்தக் கறை யார் செய்த தவறு?

வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரம். தருமபுரியில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. வணிகவியல், வரலாறு, விலங்கியல், தமிழ் என்று வெவ்வேறு துறை மாணவர்கள் ஒன்றாக உட்காரும் 'நான் மேஜர் எலெக்டிவ்' வகுப்பு. இரண்டே கிரெடிட்தான். பாதிப் பேரின் கண் கடிகாரத்தில் இருக்கும். விட்டால் பென்னாகரம் பஸ் போய்விடும்.

பாடம், 'அன்றாட வாழ்வில் அறிவியல்'. எடுப்பவர் வேதியியல் பேராசிரியை. வெளியூர்க்காரர், இந்த ஊருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. உள்ளூர் பிரச்னையிலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் கவனிப்பார்கள் என்று நினைத்து, தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடைத் தேர்ந்தெடுத்தார். திரையில் முதல் படமாகப் பழுப்புக் கறை படிந்த பற்களைக் காட்டினார்.

வகுப்பு சட்டென்று அமைதியானது. மூன்றாவது பெஞ்சில் இருந்த தமிழ்த்துறை மாணவி ஒருத்தி வாயைக் கையால் மூடிக்கொண்டாள். பக்கத்திலிருந்த இன்னொருவன் தலையைக் குனிந்துகொண்டான். தான் காட்டுவது எங்கோ இருக்கிற நோயாளியின் பற்களை அல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பற்களை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று பாடம் எப்படி முடிந்தது என்றே அவருக்கு நினைவில்லை.

அடுத்த வாரம் புரொஜெக்டரைத் தொடவில்லை. ஆளுக்கொரு காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்தார். "உங்க வீட்டுல குடிக்கிற தண்ணியைப் பிடிச்சுட்டு வாங்க. போர் தண்ணியா, கிணறா, காவிரித் தண்ணியான்னு மேலே எழுதி ஒட்டிடுங்க."

"கண்ணாடி பாட்டில் வேணாமா மேடம்?"

"ஃப்ளோரைடு கண்ணாடியோடவே சேரும். கணக்கு தப்பாயிடும்."

பாட்டில்கள் வந்தன. சோதனைச் சாயத்தைச் சில சொட்டு விட்டார்கள். ஃப்ளோரைடு குறைவாக இருந்தால் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும், கூடினால் மஞ்சளாக மாறும். குழாயில் வந்த காவிரித் தண்ணீர் சிவந்தே நின்றது. சில போர் தண்ணீர் பாட்டில்கள் மஞ்சளாயின. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லி கிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

"ஏன் மஞ்சளாச்சு?" என்றதோடு பேராசிரியை நிறுத்திக்கொண்டார். பதிலை அவரவர் துறையிலிருந்து கொண்டு வரச் சொன்னார்.

வரலாற்று மாணவன் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வந்தான். "எங்க ஆயா காலத்துல கிணத்துத் தண்ணிதான் மேடம். மழை பொய்க்கப் பொய்க்கக் கிணறு வத்திப்போச்சு. அப்புறந்தான் போர் போட்டிருக்காங்க." பேராசிரியை அதைப் பாறையோடு இணைத்தார். இந்த மாவட்டத்தின் அடியில் இருப்பது கடினப் பாறை. அதிலுள்ள சில தாதுக்களில் ஃப்ளோரைடு உண்டு. ஆழத்தில் வெகுகாலம் தேங்கிய தண்ணீரில் அது மெல்லக் கரைகிறது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருந்தால் கரைவது இன்னும் கூடும்.

விலங்கியல் மாணவி, பல்லின் மேற்பூச்சான எனாமல் சுமார் எட்டு வயதுக்குள் உருவாகிவிடுகிறது என்றாள். அந்த வயதில் குடித்த தண்ணீர்தான் நிலைத்த பல்லில் கறையாக வந்து நிற்கிறது. பல வருடங்கள் தொடர்ந்து குடித்தால் எலும்பும் மூட்டும்கூட இறுகிப்போகும்.

வணிகவியல் மாணவன் கணக்குப் போட்டான். குடிக்க, சமைக்க நாளைக்குப் பத்து லிட்டர் என்றால் மாதம் 15 கேன். கேன் 30 ரூபாய் என்றால் 450 ரூபாய். "கூலி வேலைக்குப் போற வீட்ல இது முடியாது மேடம். காய்ச்சிக் குடிச்சா போதும்னு நினைச்சுக்கறாங்க."

அங்கேதான் சிக்கல். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்சத் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும்.

அதுவரை பேசாமல் இருந்த மூன்றாவது பெஞ்சு மாணவி எழுந்தாள்.

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம். நான் 2004ல பிறந்தேன். என் தம்பி 2014ல. ஒரே வீடு, ஒரே சாப்பாடு. அவன் பல்லு வெள்ளையா இருக்கு. எனக்கு மட்டும் ஏன் இப்படி? நான் ஒழுங்கா பல்லு விளக்கறதில்லைன்னு சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் சொல்லுவாங்க."

பேராசிரியை பதில் சொல்லவில்லை. "அவங்களுக்கு யார் பதில் சொல்றீங்க?" என்று வகுப்பைக் கேட்டார்.

முந்திக்கொண்டவன் வரலாற்று மாணவன். ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய் செலவில் உருவான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃப்ளோரைடு பாதிப்பைத் தணிப்பதும் அதன் நோக்கம். "உங்க தெருவுக்குக் காவிரித் தண்ணி எப்ப வந்துச்சு?" என்று கேட்டான்.

"தம்பி பிறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

விலங்கியல் மாணவி மெதுவாகச் சொன்னாள். "அப்ப உனக்கு ஒன்பது வயசு. உன் பல்லு அதுக்குள்ள உருவாகி முடிஞ்சிருக்கும். நீ விளக்காததால வந்த கறை இல்லப்பா இது."

சின்ன வயதிலிருந்து அவள் சுமந்துகொண்டிருந்த பழி, நான்கு துறைகள் கூடிப் பேசியதும் இறங்கியது. பாறை, பல், பணம், வரலாறு என இதில் எந்த ஒன்றும் தனியாக அவளுக்குப் பதில் சொல்லியிருக்க முடியாது. துறைகளைச் சேர்த்துப் படிப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அந்த வகுப்பில் இருந்தவர்கள் இதையே சொல்வார்கள்.

செமஸ்டர் முடிவில் ஒரு துண்டுப் பிரசுரம் தயாரானது. போர் தண்ணீரைச் சோதித்துப் பார்க்காமல் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, கால்சியம் நிறைந்த கேழ்வரகும் பாலும் சாப்பாட்டில் இருக்கட்டும், ஆனால் நல்ல தண்ணீருக்கு அவை ஈடாகாது என்று எளிய பேச்சில் எழுதியிருந்தார்கள். எழுதியது தமிழ்த்துறை மாணவிதான். முதல் வரியைத் திருத்த அவள் யாரையும் விடவில்லை: 'பல்லில் பழுப்புக் கறை இருக்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள். அது அந்தப் பிள்ளை செய்த தவறல்ல.'

பேராசிரியை இப்போதும் அதே பாடத்தை எடுக்கிறார். பற்களின் படம் அவரிடம் இல்லை. முதல் நாள் மேசையில் காலி பாட்டில்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன.