17 சதவீதம்

நெல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க என் அப்பாவுக்குப் பல் போதும். ஒரு மணியை உமியோடு கடைவாயில் வைத்துக் கடிப்பார். நறுக்கென்று உடைந்தால் மூட்டை கட்டலாம்; நசுங்கினால் இன்னொரு வெயில் காட்ட வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அரசு கொள்முதல் நிலையத்தில் என் பல்லை யார் கேட்கிறார்கள்? மீட்டர் ஈரப்பதத்தை 17 சதவீதத்துக்குள் காட்டினால்தான் நெல் தராசுக்குப் போகும்.

இந்த 17 நாடு முழுவதற்கும் ஒன்றுதான். பஞ்சாபிலும் அக்டோபரில் அறுக்கிறார்கள். அங்கே அதற்குள் மழைக்காலம் முடிந்திருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் குறுவையைக் களத்தில் கொட்டும்போதுதான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. காலையில் பரப்பி, பகலெல்லாம் காலால் துழாவிவிட்டு, மூன்று மணிக்கு ஒரு தூறல் விழுந்தால் அன்றைய பாடு போச்சு. களம் கிடைக்காதவர் தார்ச்சாலையில் காய வைக்கிறார். மழை வலுத்தால் மாநில அரசு தளர்வு கேட்டு டெல்லிக்கு எழுதும்; மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும். நனைந்த நெல் உத்தரவுக்காகக் காத்திருக்காது, முளைத்துவிடும்.

நிலையம் திருப்பி அனுப்பினால் வியாபாரிதான் கதி. 2020இல் மூன்று வேளாண் சட்டங்கள் வந்தபோது, இனி யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வியாபாரி லாரியோடு களத்துக்கே வருவதைச் சிறுவயதிலிருந்து பார்க்கிறேன். அவர் சொல்லும் விலைக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் தெம்புதான் எங்களுக்குக் குறைவு. அதைக் கொடுப்பது அரசின் ஆதார விலை. ஈரம் என்று நெல் திரும்பி வந்த அன்று வியாபாரியின் குரலே மாறிவிடும். 2021இல் சட்டங்களைத் திரும்பப் பெற்றார்கள். ஆதார விலைக்குச் சட்ட உறுதி கேட்டது மட்டும் கேட்டபடியே நிற்கிறது.

என்ன விதைப்பது என்பதையும் அந்த விலைதான் சொல்கிறது. 2025-26இல் குவிண்டாலுக்கு மத்திய அரசின் விலை பொது ரகத்துக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389. இருபது ரூபாய்க்காக யார் சன்னம் போடுவார்? மாநில ஊக்கத்தொகை சேர்ந்து 2,500, 2,545 ஆன பிறகும் நான் மூட்டை அதிகம் காணும் குண்டு நெல்லைத்தான் நடுகிறேன். வீட்டுச் சோற்றுக்கு மட்டும் ஒரு மா நிலத்தில் சன்னம்.

குண்டோ சன்னமோ, ஐப்பசி மழைக்கு எல்லாம் ஒன்றுதான். 17ஐ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு ஓர் உலர்த்தும் இயந்திரம் கொடுங்கள். வாடகையை நாங்கள் கட்டுகிறோம்.