ஜன்னல்

2020 செப்டம்பரில் இறுதிப் பருவத் தேர்வின் விடைத்தாள்கள் எங்கள் துறைக்கு அஞ்சலில் வந்து குவிந்தன. கட்டுகளை மூன்று நாள்கள் தொடாமல் வைத்திருந்தோம்; தொட்டபின் சானிடைசரால் கையைத் தேய்த்துக்கொண்டோம். மதியமோ ஏசி ஓடும் அறையில், ஜன்னல்களைச் சாத்திவிட்டு, முகக்கவசங்களைக் கழற்றிவைத்துச் சேர்ந்து உண்டோம். நாங்கள் படிக்காதவர்கள் அல்லர். எங்களில் இருவர் நுண்ணுயிரியலில் முனைவர்கள். நோய் காற்றில் பரவுவதில்லை என்று 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தது. தன் விளக்கத்தை அது தெளிவாகத் திருத்திக்கொள்ள 2021 ஏப்ரல் இறுதி ஆயிற்று. (கபசுரக் குடிநீரை நம்பியவர்களும் நம்பாதவர்களும் ஒரே வரிசையில் நின்று குடித்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

துறையைப் பெருக்க வரும் அம்மா தினமும் ஜன்னல்களைத் திறந்துவைப்பார். "புழுங்குது சார், காத்து வரட்டும்" என்பார். அவர் போனதும் சாத்திவிடுவோம். நோயைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தோமே தவிர, கேட்டதில்லை.

2021 மே ஊரடங்கு முடிந்து துறை திறந்தபோது அவர் வரவில்லை. ஒப்பந்தப் பணியாளர் என்பதால் எங்கள் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. அலைபேசி எண்ணாவது யாரிடமேனும் இருக்கிறதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம்.